வெப்பத்தின் வேரைத் தேடியவர்

மார்கழிக் காலையில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக் கொள்ளாதவர் யார்? ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. அக்கேள்வியை விடாமல் கேட்டு, தம் காலத்து அறிஞர் பலரும் நம்பியிருந்த கொள்கையையே அசைத்துக் காட்டியவர் பெஞ்சமின் தாம்சன். ரம்போர்டு பிரபு என்றால் பௌதிகம் படிக்கும் நமக்கு எளிதில் விளங்கும்.

இவர் 1753-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். பதின்மூன்று வயதில் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரங்களில் தாமே படித்து அறிவை வளர்த்துக் கொண்டார். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்து, மனைவியையும் சிறு மகளையும் விட்டுவிட்டு இங்கிலாந்து சென்றார். அது அவர் வாழ்வில் படிந்த கறையே.

பின்னர் ஜெர்மனியின் பவேரியா நாட்டில் உயர்பதவி பெற்றார். மியூனிக் நகரத் தெருக்களில் பிச்சையெடுத்துத் திரிந்தவர்களை 1790-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று ஒன்று சேர்த்து, வேலையும் உணவும் கிடைக்க வழி செய்தார். குறைந்த விறகில் பலருக்குச் சமைக்க மூடிய அடுப்புகளை அமைத்தார். வீரர்களின் உடைக்காகத் துணிகளை ஆராய்ந்து, கம்பளி இழைகளுக்கிடையே சிக்கிய காற்றே உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது என்று கண்டார்.

அக்காலத்தில் வெப்பம் என்பது கலோரிக் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று அறிஞர்கள் கருதினர். மியூனிக் ஆயுதச் சாலையில் பீரங்கிக் குழாய் துளையிடப்படுவதை ரம்போர்டு மேற்பார்த்து வந்தார். குழாயும், உதிர்ந்த சீவல்களும் கைபொறுக்க முடியாத அளவு சுட்டன. உலோகம் சீவப்படும்போது அதன் வெப்ப எண் குறைகிறது. அதனால் உள்ளிருந்த கலோரிக் வெளியே வருகிறது என்று மற்றவர்கள் விளக்கம் கூறினர்.

ரம்போர்டு அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். சீவல்களையும் அதே உலோகத் துண்டுகளையும் சம எடையில் எடுத்து, ஒரே வெப்பநிலைக்குச் சூடாக்கிக் குளிர்ந்த நீரில் இட்டார். இரண்டும் நீரை ஒரே அளவே சூடாக்கின. வெப்ப எண் சிறிதும் மாறவில்லை!

அடுத்து, மழுங்கிய துளைக்கருவியை வைத்து, உலோகத்தைச் சுற்றி ஏறத்தாழ எட்டரைக் கிலோ நீரை நிரப்பி, குதிரையைக் கொண்டு சுழற்றச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், தீ மூட்டாமலே நீர் கொதித்தது. கூடியிருந்தோர் வியப்பில் ஆழ்ந்தனர். சுழற்றச் சுழற்ற வற்றாமல் வரும் ஒன்று ஒரு பொருளாக இருக்க முடியாது. அது இயக்கமாகவே இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1798-ஆம் ஆண்டு இதை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார்.

உலகம் உடனே ஏற்கவில்லை. கலோரிக் என்று பெயரிட்ட அறிஞர்களுள் ஒருவரான லவாய்சியரின் துணைவி மேரியை, கணவரை இழந்த பின் ரம்போர்டு மணந்தார். அந்த மணவாழ்வும் நிலைக்கவில்லை. 1814-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் பாரிசுக்கு அருகே மறைந்தார். 1840-களில் ஜூல் என்பவர் வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள கணக்கை அளந்து காட்டிய பிறகே அவர் கருத்து வேரூன்றியது. செய்யப்படும் வேலை பொருளின் அக ஆற்றலை உயர்த்துகிறது என்று இன்று நாம் படிக்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நிற்கும் தொழிற்சாலைகளில் வண்டிகளின் உலோக உறுப்புகள் கடைந்தும் துளைத்தும் உருவாக்கப்படுகின்றன. அங்கே வேலை செய்யும் நம் அப்பாக்களையும் அண்ணன் அக்காமாரையும் கேட்டுப் பாருங்கள். கருவி உலோகத்தைத் தொடும் இடத்தில் பால் போன்ற நீர்க்கலவையைப் பாய்ச்சுவதைச் சொல்வார்கள். கூலண்ட் என்பது அதன் பெயர். ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4.2 ஜூல் வேண்டும், இரும்புக்கு 0.45 ஜூலே போதும். ஆகவே நீர், தான் அதிகம் சூடேறாமலே மிகுந்த வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. அது இல்லாவிட்டால் கருவியின் கூர் விரைவில் மழுங்கிவிடும்.

அன்புத் தோழியரே! பீரங்கி சுடுவதை ஆயுதச் சாலையில் அன்றாடம் பலர் பார்த்தனர். ஏன் என்று விடாமல் கேட்டவர் ஒருவரே. பெரியோர் பலர் சொன்னார்கள் என்பதற்காக ஏற்காமல், அவர் தராசையும் வெப்பமானியையும் கையிலெடுத்தார். நாமும் நம் கண்ணெதிரே நடப்பவற்றைக் கேள்வியோடு நோக்கக் கற்போமாக.