சூளையை அளந்த வேட்கோவர்

இங்கிலாந்து நாட்டில் ஸ்டாஃபர்ட்ஷயர் என்னும் பகுதி உள்ளது. களிமண்ணும் நிலக்கரியும் ஒருங்கே கிடைத்தமையால், அங்குள்ள பர்ஸ்லெம் என்னும் ஊரில் மட்கலத் தொழில் தழைத்திருந்தது. அவ்வூர்க் குயவர் குடும்பம் ஒன்றில் 1730-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட்.

இளமையிலேயே தந்தையை இழந்த அவர், பள்ளியை விடுத்துத் தொழிற்கூடம் புகுந்தார். சில ஆண்டுகளில் பெரியம்மை அவரைப் பற்றியது. உயிர் பிழைத்தார், ஆயினும் வலக்கால் மூட்டு வலுவிழந்தது. திகிரியை மிதித்துச் சுழற்ற இயலாத குயவர் யாது செய்வார்? அவர் மனந்தளர்ந்தாரல்லர், களிமண்ணின் இயல்பையும் மெருகுக் கலவைகளையும் ஆராயத் தலைப்பட்டார். 1768-இல் அக்காலையே அறுத்து நீக்க நேர்ந்தது. மயக்க மருந்து அறியப்படாத அந்நாளில் அத்துன்பத்தையும் பொறுத்தார்.

1759-இல் அவர் தனித் தொழில் தொடங்கினார். அவர் செய்த பாலேட்டு நிறக் கலங்களை அரசி சார்லட் விரும்பி ஏற்றார். அத்தகைய கலங்களின் வெண்மைக்குச் சிக்கிமுக்கிக் கல் இன்றியமையாதது. அதனைச் சூளையிற் சுட்டு, ஆலையில் அரைத்துக் களிமண்ணோடு சேர்ப்பர். உலர்ந்த கல்லை அரைத்தபோது எழுந்த தூள் தொழிலாளரின் நுரையீரலிற் படிந்து உயிரைக் குடித்தது. அதனைத் தடுக்க, நீர்விட்டு அரைக்கும் முறையைத் தாமஸ் பென்சன் என்பவர் 1726-இல் வகுத்திருந்தார். ஆலைக்கல்லை ஆற்றுநீர் சுழற்றியது. 1780-களில் ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறியை வெட்ஜ்வுட் அப்பணிக்கு அமர்த்தினார்.

கரடுமுரடான சாலைகளிற் கலங்கள் உடைந்தன. ஆதலின் டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்கு அவர் பெரிதும் உழைத்தார். 1766-இல் முதல் மண்ணைத் தாமே வெட்டினார். அதன் கரையில் எட்ரூரியா என்னும் தொழிற்சாலையை 1769-இல் திறந்தார்.

சூளையே அவருக்குப் பெருங்கவலை அளித்தது. வெப்பம் சிறிது மிகினும் குறையினும் பலர் உழைப்பு ஒருங்கே பாழாகும். நெருப்பின் நிறத்தைக் கண்ணாற் கண்டே அந்நாளில் வெப்பத்தை மதித்தனர். சூடேறுந்தோறும் களிமண் சுருங்கும் இயல்பை வெட்ஜ்வுட் துணைக்கொண்டார். சிறு களிமண் துண்டுகளைச் சூளையிலிட்டு எடுத்து, ஒடுங்கிச் செல்லும் பள்ளமுடைய அளவுகோலில் நகர்த்தினார். துண்டு எவ்வளவு உள்ளே செல்கிறதோ அவ்வளவு வெப்பம் மிகுதி என்று கண்டார். அவர் குறித்த அளவுகள் உண்மையினும் மிகுதியானவை எனப் பிற்கால அறிஞர் கண்டனர். எனினும் கண்மதிப்பை விடுத்து அளக்கும் வழியைக் காட்டியது அக்கருவி. 1783-இல் அரசுக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

செல்வம் பெருகியபோதும் அவர் எளியோரை மறந்தாரல்லர். அடிமை வணிகத்தை ஒழிக்க முயன்றோர்க்காக, விலங்கிட்ட அடிமை மண்டியிடும் உருவம் பொறித்த பதக்கங்களை 1787-இல் செய்து வழங்கினார். 1795-இல் அவர் மறைந்தார்.

திகிரியை மிதிக்க இயலாத அவர் தம் நாட்டு வேட்கோவர்க்கெல்லாம் தலைவராயினார். ஊனம் உடலுக்கேயன்றி ஊக்கத்திற்கு இல்லை என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.