மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒலித்த குரல்: ஃபிரெடி மெர்குரியின் இறுதி இசைத்தொகுப்பு

குயின் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரியை அறியாத ராக் இசை ரசிகர் இருக்க முடியாது. ஆனால், அவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பதும், மரணம் நெருங்குவதை அறிந்தே தமது கடைசிப் பாடல்களைப் பாடி வைத்தார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

ஃபரோக் புல்சாரா என்பது அவரின் இயற்பெயர். 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில், குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை போமி, பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர். எட்டு வயதில், மேற்கு இந்தியாவின் மலைநகரமான பஞ்ச்கனியில் உள்ள விடுதிப் பள்ளிக்கு மகனை அனுப்பி வைத்தனர். அங்குதான் அவர் பியானோ கற்றார். சக மாணவர்களோடு சேர்ந்து ஓர் இசைக்குழுவும் நடத்தினார்.

1964-இல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. உயிருக்கு அஞ்சி வெளியேறிய குடும்பம், லண்டன் அருகே ஃபெல்தம் பகுதியில் குடியேறியது. ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டே கிடைத்த வேலைகளைச் செய்தார் ஃபரோக். 1970-இல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகியோருடன் இணைந்து குயின் குழுவைத் தொடங்கினார். தம் பெயரையும் ஃபிரெடி மெர்குரி என மாற்றிக்கொண்டார். மறு ஆண்டு ஜான் டீக்கன் சேர, நால்வர் அணி உருவானது.

1975-இல் வெளிவந்த ‘பொஹிமியன் ராப்சோடி’ பிரிட்டனில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1985-இல் வெம்பிளி அரங்கில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில், சுமார் 20 நிமிடங்களில் அரங்கம் முழுவதையும் தம்மோடு சேர்ந்து பாட வைத்தார்.

நோயும் மறைவிடமும்

1987-இல் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துகள் அப்போது இல்லை. அவை பரவலாகக் கிடைக்க இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. குழுவினர் விஷயத்தை வெளியில் சொல்லாமல் காத்தனர். மெலிந்துபோன அவரைப் படம் பிடிக்க, லண்டனில் பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார்கள்.

அந்தத் தொல்லை இல்லாத இடம் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரம். ஜெனீவா ஏரிக்கரையில் அமைந்த அவ்வூரில் குயின் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ‘இன்யூயெண்டோ’ தொகுப்பு வெளிவந்த கையோடு, அவர் மீண்டும் அங்கே பாட வந்தார்.

உடம்பு ஒத்துழைத்த நாள்களில் மட்டுமே பதிவு நடந்தது. முழு இசைக்கும் காத்திருக்க நேரமில்லை. எனவே, இயந்திரத் தாளத்தை ஓடவிட்டு அதன் மேல் அவர் பாடினார். மீதி இசையை நண்பர்கள் பின்னர் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அவரின் எண்ணம். ‘மதர் லவ்’ பாடலுக்கு மே வரிகளை எழுத எழுத, உடனுக்குடன் பாடிக் கொடுத்தார். நிற்கவே சிரமப்பட்ட நிலையிலும் உச்சக் குரலில் பாடினார். கடைசிச் சரணம் மட்டும் மீதி. களைப்பு தீர்ந்ததும் வந்து பாடுவதாகச் சொல்லிச் சென்றவர், அந்தச் சரணத்தைப் பாட வரவே இல்லை. அது 1991 மே மாதம்.

நவம்பர் 23-ஆம் தேதி, தமக்கு எய்ட்ஸ் இருப்பதை உலகுக்கு அறிவித்தார். மறுநாளே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 45. இறுதிச் சடங்கு, பெற்றோரின் சொராஸ்திரிய சமய முறைப்படி நடந்தது.

நண்பர்கள் முடித்த வேலை

கையில் இருந்த புதிய பதிவுகள் ஒரு முழுத் தொகுப்புக்குப் போதவில்லை. 1985-இல் அவர் தனியாக வெளியிட்ட தொகுப்பின் இரு பாடல்கள், பழைய ஒலிநாடாக்களில் கிடந்த துண்டுகள் ஆகியவற்றை எடுத்து, அவரின் குரலைச் சுற்றிப் புதிதாக இசையமைத்தனர். முதலில் டெய்லரும் டீக்கனும் தொடங்கிய வேலையில் மே பின்னர் இணைந்தார். ‘யூ டோன்ட் ஃபூல் மீ’ பாடல், தயாரிப்பாளர் டேவிட் ரிச்சர்ட்ஸ் சிறு சிறு குரல் துண்டுகளை ஒட்டி உருவாக்கியது. ‘மதர் லவ்’ பாடலின் விடுபட்ட சரணத்தை மே தாமே பாடினார். அதே தொகுப்பில் உள்ள ‘எ வின்டர்ஸ் டேல்’, மோன்ட்ரோவின் ஏரியையும் மலையையும் பார்த்து மெர்குரி எழுதிய பாடல்.

1995-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி ‘மேட் இன் ஹெவன்’ வெளியானது. பிரிட்டனில் நேரடியாக முதலிடம் பிடித்தது. மேல் அட்டையில் ஏரியை நோக்கிக் கையை உயர்த்தி நிற்கும் அவரின் சிலை இடம்பெற்றது. 1996-இல் திறக்கப்பட்ட அச்சிலை, இன்றும் மோன்ட்ரோ ஏரிக்கரையில் நிற்கிறது. அவர் பெயரில் நண்பர்கள் தொடங்கிய அறக்கட்டளை, எச்.ஐ.வி.க்கு எதிரான பணிகளுக்கு உலகெங்கும் நிதி வழங்கி வருகிறது.

நோய் உடலைத் தின்றபோதும், பாடுவதை ஓய்வாகவோ சுமையாகவோ அவர் எண்ணவில்லை. அது அவரின் வேலை. முடிந்த வரை செய்தார். முடியாமல் விட்டதை நண்பர்கள் செய்து முடித்தார்கள்.