யார் இந்த எபர்ட்? சேணம் தைத்தவர் ஜெர்மனியின் முதல் அதிபரான கதை

1919 ஆகஸ்ட். ஜெர்மனியின் முதல் அதிபராக ஃப்ரீட்ரிச் எபர்ட் பதவிப் பிரமாணம் எடுத்த நேரம். பெர்லினின் பிரபல வாரப் பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. கோட் சூட்டில் இல்லை, நீச்சல் டிரவுசரோடு கடல் தண்ணீரில் நிற்கும் படம். இன்றைக்கு என்றால் மீம். அன்றைக்குப் போஸ்ட் கார்டாக அச்சடித்துப் பரப்பினார்கள். கெய்சர் உட்கார்ந்திருந்த இடத்தில் டெய்லர் மகனா என்ற எரிச்சல்தான் அந்தக் கேலிக்கு அடியில் இருந்தது.

எபர்ட் 1871-ல் ஹைடல்பெர்க்கில் பிறந்தவர். கற்ற தொழில், குதிரைச் சேணம் தைப்பது. பிரெமன் நகரில் சின்னதாக மதுக்கடை நடத்திக்கொண்டே தொழிற்சங்க வேலை பார்த்தார். 1913-ல் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமைக்கு வந்தார். முதல் உலகப் போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தார்.

ராணுவத்தோடு போட்ட டீல்

1918 நவம்பர் 9. போர் தோற்றுப்போச்சு, தெருவெல்லாம் புரட்சி, கெய்சர் ஆட்சி முடிந்தது. சான்சலர் பதவி எபர்ட் கைக்கு வந்தது. அடுத்த நாளே ராணுவத் தலைமையிலிருந்து ஜெனரல் க்ரோனர் போனில் பேசினார். புதிய அரசை ராணுவம் ஆதரிக்கும். பதிலுக்கு அதிகாரிகளின் அதிகாரத்தில் அரசு கைவைக்கக் கூடாது, இடதுசாரிப் புரட்சியை அடக்க வேண்டும். எபர்ட் ஒப்புக்கொண்டார்.

அவருக்கு வேற வழி இருந்ததா? ரஷ்யாவில் நடந்தது இங்கேயும் நடந்துவிடும் என்ற பயம் நிஜமானது. ஆனா விலை பெரிசு. 1919 ஜனவரி எழுச்சியை ஒடுக்க ‘ஃப்ரைகோர்’ ஆயுதக் குழுக்கள் இறக்கிவிடப்பட்டன. ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் கொல்லப்பட்டார்கள். இடதுசாரிகள் அதை மன்னிக்கவே இல்லை.

1920 மார்ச்சில் அதே ஃப்ரைகோர் ஆட்கள் பெர்லினுக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களைச் சுட ராணுவம் மறுத்தது. எபர்ட்டும் அமைச்சர்களும் தலைநகரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. குடியரசைக் காப்பாற்றியது தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம். சில நாட்களிலேயே சதி சரிந்தது. சதிகாரர்களில் பெரும்பாலோர் தண்டனையே இல்லாமல் தப்பினார்கள்.

முதுகில் குத்தியது யார்?

1918 செப்டம்பர் கடைசியில், உடனே போர்நிறுத்தம் வேண்டும் என்று அவசரப்படுத்தியது ஹிண்டன்பர்க், லூடென்டார்ஃப் என்ற இரு தளபதிகள்தான். ஆனால் அடுத்த ஆண்டே, ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் சொன்னார் ஹிண்டன்பர்க். பழி சிவிலியன் தலைவர்கள் மேல் விழுந்தது. இதில் எபர்ட்டுக்கும் பங்குண்டு: ஊர் திரும்பிய வீரர்களை வரவேற்றபோது, எந்த எதிரியும் அவர்களை ஜெயிக்கவில்லை என்று பேசியவர் அவரே.

‘துரோகி’ பட்டத்தை எதிர்த்து அவர் போட்ட அவதூறு வழக்குகள் நூற்றுக்கும் மேல். கடைசியாக மாக்டெபர்க் வழக்கு. 1918 ஜனவரியில் ஆயுத ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தக் குழுவில் எபர்ட் சேர்ந்திருந்தார். போராட்டத்தை முடித்துவைக்கத்தான் சேர்ந்தேன் என்பது அவர் வாதம். 1924 டிசம்பர் 23-ல் தீர்ப்பு. பழித்து எழுதிய ஆசிரியருக்கு 3 மாதச் சிறை. கூடவே, சட்டப்படி பார்த்தால் எபர்ட் செய்தது தேசத் துரோகமே என்றது நீதிமன்றம். பதவியில் இருக்கும் அதிபரைப் பற்றி! அதற்கு 3 நாள் முன்புதான், 1923-ல் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று 5 ஆண்டு தண்டனை பெற்ற ஹிட்லர், அதில் ஓராண்டுகூட முடியாமல் வெளியே வந்திருந்தார்.

மேல்முறையீட்டு அலைச்சலில் வயிற்று வலிக்குச் சிகிச்சை எடுப்பதைத் தள்ளிப்போட்டார் எபர்ட். அப்பெண்டிக்ஸ் முற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகும் பிழைக்கவில்லை. 1925 பிப்ரவரி 28-ல் இறந்தபோது வயது 54.

அடுத்த அதிபர் தேர்தலில் ஜெயித்தவர் ஹிண்டன்பர்க். 1933 ஜனவரியில் ஹிட்லரைச் சான்சலர் ஆக்கியதும் அவரே. அரசியல் சட்டத்தின் 48-வது பிரிவு அதிபருக்கு அவசரகால அதிகாரம் தந்தது. குடியரசைக் காக்க எபர்ட் அதை நூறு தடவைக்கு மேல் பயன்படுத்தியிருந்தார். அதே பிரிவின் கீழ் மக்களின் அடிப்படை உரிமைகளை முடக்கும் ஆணையில் ஹிண்டன்பர்க் கையெழுத்திட்டது 1933 பிப்ரவரி 28-ல், எபர்ட்டின் எட்டாவது நினைவு நாளில்.