கேமரன் மலை: பெயர் தந்தவர் குறிக்காமல் போன இடம்

கேமரன் மலை: தாப்பாவிலிருந்து கார் ஏறும்போதே கைப்பேசியில் தானா ராத்தா என்று தட்டிவிட்டால் போதும், வளைவுக்கு வளைவு வழி சொல்லிவிடும். ஆனால், இந்த மலைக்குத் தம் பெயரைத் தந்த வில்லியம் கேமரன், தாம் கண்ட இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்காமலேயே போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு குறை, சுமார் 40 ஆண்டு தாமதத்துக்கு ஒரு காரணமாயிற்று.

1833இல் பிறந்த கேமரன், ஆய்வுப் பயணி, நிலவியலும் அறிந்தவர். 1885இல் பேராக், பகாங் எல்லைப் பகுதியை வரைபடமாக்கும் பணி அவரிடம் வந்தது. பகாங் அப்போது பிரிட்டிஷார் பிடிக்குள் வரவில்லை. அது நடந்தது 1888இல்தான். நடுவிலிருந்த மலைத்தொடர் வெள்ளைக்காரர்களின் வரைபடத்தில் ஏறக்குறைய வெற்றிடம்.

அந்தக் காலத்து அளவையாளரின் வேலை லேசானதல்ல. ஏற்கெனவே இடம் தெரிந்த இரண்டு சிகரங்களைத் திசைகாட்டியால் பார்த்து, அவற்றிலிருந்து தாளில் இரண்டு கோடுகள் இழுக்க வேண்டும். அவை வெட்டும் புள்ளிதான் அவர் நிற்கும் இடம். உயரம் அறிய, தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்ப்பார்கள். கடலோரத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 1,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். எல்லாம் சரி, சிகரம் கண்ணில் பட வேண்டுமே! அடர்ந்த காட்டுக்குள் பத்தடிக்கு அப்பால் மரம்தான். மேட்டில் ஏறி நின்றாலும், மூடுபனி இறங்கினால் அன்றைய வேலை அவ்வளவுதான். இதை நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்றைய ஜிபிஎஸ் செய்வதும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். சிகரங்களுக்குப் பதில் துணைக்கோள்கள். கோணங்களுக்குப் பதில் தூரங்கள். அடர்ந்த மரக்கூரைக்குக் கீழும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் அந்தச் சமிக்ஞையும் தடுமாறும். முன்கூட்டியே வரைபடத்தைப் பதிவிறக்காமல் காட்டுப் பாதையில் நுழைபவருக்கு, இணையம் போன பிறகு திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டுமே மிஞ்சும்.

கேமரன் தனியாகப் போகவில்லை. அவருடைய பெரும்பாலான பயணங்களில் குலோப் ரியாவ் என்ற மலாய்க்காரர் உடன் சென்றார். கேமரன் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் இந்த மலையில் செமாய் பூர்வக்குடி மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்து வந்தார்கள். ஆறும் மலைமுகடும்தான் அவர்களுக்கு வழிகாட்டி. பெயர் மட்டும் கேமரனுக்குப் போயிற்று.

மலைகளுக்கு நடுவே மென்மையான சரிவுகளும் சமநிலமும் பரந்து கிடப்பதைக் கேமரன் கண்டார். அதை அறிக்கையிலும் எழுதினார். பேராக் ரெசிடென்ட் சர் ஹியூ லோ, அங்கே ஓய்விடமும் விளைநிலமும் அமைக்க ஆசைப்பட்டார். காட்டினூடே ஒரு குறுகிய பாதையும் வெட்டப்பட்டது. ஆனால் 1886இல், தம் 53ஆம் வயதில், கேமரன் இறந்துவிட்டார். அவர் சொன்ன நிலம் சரியாக எங்கே என்று கேட்டால், விரல் வைத்துக் காட்ட வரைபடத்தில் புள்ளி இல்லை. எழுதிய வர்ணனை இருந்தது, எழுதியவர் இல்லை. திட்டம் அப்படியே கிடப்பில் விழுந்தது.

1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து, சுமார் ஒன்பது நாள் இங்கே சுற்றிப் பார்த்தார். இலங்கையின் நுவரெலியாவைப் போல இதையும் மலைவாழிடமாக்கலாம் என்று அவர் முடிவு செய்த பிறகே வேலைகள் சூடுபிடித்தன. தாப்பா சாலைப் பணி 1928இல் தொடங்கி, சுமார் மூன்று ஆண்டுகளில் முடிந்தது. அது முடியும் முன்பே, 1929இல், ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். காடு தேயிலைச் சரிவாக மாறியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஏறி இறங்கும் தாப்பா சாலைக்கு வரைபடத்தில் 59 என்று எண் இருக்கிறது.