கடல் கடந்த கால்டுவெல்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணல் தேரியும் பனையும் சூழ்ந்த ஊர் இடையன்குடி. அங்குள்ள தேவாலயத்தினுள் இராபர்ட் கால்டுவெல் துயில்கின்றார். அவரை மொழிநூல் அறிஞராகப் போற்றுவோர் பலர். அவர் கடந்துவந்த கடலை நினைப்போர் சிலரே.

ஸ்காத்லாந்துப் பெற்றோர்க்கு 1814 மே 7ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்த அவர், கிளாஸ்கோ நகரில் வளர்ந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் சாண்ட்ஃபோர்டு, மொழிகளை ஒப்பிட்டுக் காணும் வேட்கையை அவர் உள்ளத்தில் மூட்டினார்.

சமயப் பணியை மேற்கொண்டு, 1837இல் 'மேரி ஆன்' என்னும் பாய்மரக் கப்பலில் சென்னை நோக்கிப் புறப்பட்டார். சூயசுக் கால்வாய் திறக்கப்பெற்றது 1869இல்தான். அந்நாளில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரவேண்டும். காற்று வீசினால் கப்பல் நகரும். ஓய்ந்தால் நடுக்கடலில் காத்துக்கிடக்கும். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டுமுன்பே அக்கப்பல் பிரெஞ்சுக் கப்பலொன்றுடன் மோதியது; செப்பனிடுவதற்காகப் பிளிமத் துறைமுகத்திற்குத் திரும்பியது. வந்தவழியே வீடு திரும்பியிருந்தாலும் எவரும் குறை கூறியிரார். இருபத்துமூன்று அகவை இளைஞரோ பயணத்தைத் தொடர்ந்தார்.

அத்துயரப் பயணமே அவருக்குக் கல்விச்சாலையும் ஆயிற்று. உடன்வந்த தெலுங்கறிஞர் சி. பி. பிரௌன், இந்திய மொழிகளைப் பற்றி அவருக்கு எடுத்துரைத்தார். 1838 ஜனவரி 8ஆம் நாள் கால்டுவெல் சென்னையில் கரையிறங்கினார்.

1841இல் சென்னையிலிருந்து தஞ்சை, நீலகிரி, மதுரை வழியாகக் கால்நடையாகவே நெல்லைக்கு வந்தார். மக்களின் வாழ்வையும் வழக்கையும் நடந்தே கற்றார். ஆயினும் கற்றது போதவில்லை. 1849இல் அவ்வட்டார மக்களைப் பற்றி வெளியிட்ட நூல் அம்மக்களையே புண்படுத்தியது. பின்னாளில் அதனைப் புழக்கத்தினின்று விலக்கிக்கொண்டார். கடலைக் கடப்பதினும் மனத்தின் தொலைவைக் கடப்பது அரிதாயிற்று.

எல்லிஸ் 1816இல் சுட்டிய உண்மையை விரித்து, திராவிட மொழிகள் வடமொழியின் கிளைகளல்ல, தனிக்குடும்பம் என நிறுவிய ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது.

பின்னாளில் அவர் கொற்கையில் அகழ்ந்தார். முத்துக்குப் பெயர்பெற்ற அத்துறையைத் தாமிரபரணி கொணர்ந்த வண்டல் மெல்ல மெல்லக் கடலினின்று விலக்கி உள்நாட்டு ஊராக்கியிருந்தது. கடல்வழி வந்த மனிதர், கடல் விட்டகன்ற துறையின் பழம்பெருமையைத் தேடி மண்ணைக் கிளறினார்.

1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் அவர் உயிர் பிரிந்தது. உடலை இடையன்குடிக்கே கொணர்ந்தனர். கிளாஸ்கோவில் தொடங்கிய பயணம் தேரிமணலில் நிறைவுற்றது.