சைக்கிளில் வந்த டாக்டர் ராஜினி

மலருக்குக் கட்டுரை கேட்டதும் எல்லோரும் விஞ்ஞானிகளைப் பற்றித்தான் எழுதுவீர்கள் என்று தெரியும். நான் யாழ்ப்பாணத்து டாக்டர் ராஜினி திரணகமவைப் பற்றி எழுதுகிறேன். காரணம் எங்க அம்மை.

அம்மைக்கு அண்டியாபீசில் வேலை. பக்கத்தில் இருந்து அண்டி உடைக்கும் அக்கா பழவிளை அகதிகள் முகாமில் இருக்காங்க. 1990-ல் சின்னப் பிள்ளையாகப் படகேறி வந்தவங்க. கடல், பசி, முகாம் எல்லாம் சொல்வாங்களாம். பொம்பளைப் பிள்ளைகள் பட்ட பாட்டைக் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுமாம். அந்தப் பேசாத விஷயத்தைத்தான் ராஜினி தேடிப் போய்க் கேட்டார்.

1954-ல் பிறந்தவர். கொழும்பில் மருத்துவம் படித்தார். 1977-ல் தயாபால என்ற சிங்களரைக் கல்யாணம் செய்தார். அந்த நாட்டில் அது லேசான காரியமா? பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் ஆசிரியை. முதலில் புலிகளை ஆதரித்து, காயம்பட்டு வந்த பையன்களுக்கு வைத்தியம் பார்த்தார். துப்பாக்கி சொந்த சனத்தின் பக்கமே திரும்பியதைப் பார்த்து விலகினார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். 1986-ல் சண்டைக்குள் திரும்பி வந்தார்.

1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர். 21-ம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது நம்ம நாட்டுப் படை. எழுதக் கை கூசுது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஆஸ்பத்திரிக்கே அந்த கதி என்றால் வீட்டில் தனியாக இருந்த பெண்களுக்கு? புருஷனை இழந்தவர்கள், பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் எல்லோரையும் ராஜினி சைக்கிளில் போய்ப் பார்த்தார். வெளியே தெரிந்தால் மானம் போகும், கல்யாணம் நடக்காது என்று வீட்டுக்காரர்களே மூடி வைத்த காலம். டாக்டரிடம் காட்டக்கூட பயம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினார். பாதிக்கப்பட்ட பெண்கள் தங்க 'பூரணி' என்ற இல்லம் உருவாகவும் உழைத்தார்.

அவரும் மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து எழுதியதுதான் 'முறிந்த பனை'. பெண்கள் பட்டதை எழுதியவர் ராஜினி. இந்தியப் படை, இலங்கைப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள், யாரையும் விடவில்லை. அப்படி எழுதினால் யார் சும்மா விடுவார்கள்?

1989 செப்டம்பர் 21. பரீட்சை வேலை முடித்து, திருநெல்வேலியில் (நம்ம திருநெல்வேலி இல்லை, யாழ்ப்பாணத்திலும் ஒன்று உண்டு) சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 35. வீட்டில் இரண்டு சின்ன மகள்கள். புலிகள்தான் செய்தார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். இதுவரை ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

இதை அம்மையிடம் வாசித்துக் காட்டினேன். அம்மைக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அந்தப் புத்தகத்தில் பொம்பளைகள் பேரைப் போட்டிருக்கா என்றுதான் முதலில் கேட்டாள்.

புத்தகம் ஒரு சாரிடம் இரவல் வாங்கியது. வேண்டியவர்கள் என்னைக் கேளுங்கள், ஒரு வாரத்தில் திருப்பித் தரணும்.