காசநோய்க் கிருமியின் வீரியத்தைத் தணித்த அல்பேர் கல்மெத்

தமிழகத்திலும் இலங்கையிலும், மலேசியா, சிங்கப்பூரிலும் பிறந்தவர்கள் பலரது மேற்கையில் சிறு வட்டமாக ஒரு தழும்பு காணப்படும். குழந்தைப் பருவத்தில் போடப்பட்ட பிசிஜி தடுப்பூசியின் அடையாளம் அது. பிசிஜி என்ற பெயரின் முதல் எழுத்து கிருமியைக் குறிக்கிறது. நடு எழுத்து பிரெஞ்சு மருத்துவர் அல்பேர் கல்மெத்தையும், கடைசி எழுத்து அவருடன் பணியாற்றிய கால்நடை மருத்துவர் கமில் கெரானையும் குறிக்கின்றன. நோயைத் தரும் கிருமியை நோய் தராத கிருமியாக மாற்றிக் காட்டிய கல்மெத், அந்த மாற்றம் எதனால் நேர்ந்தது என்பதை அறியாமலேயே மறைந்தார்.

1863ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி பிரான்ஸின் நீஸ் நகரில் பிறந்த கல்மெத், கடற்படை மருத்துவராகத் தனது வாழ்வைத் தொடங்கினார். ஹாங்காங், மேற்கு ஆப்பிரிக்கா எனப் பல இடங்களில் பணியாற்றிய பின், 1891இல் சைகோன் நகரில் பாஸ்டர் ஆய்வகத்தின் கிளையை நிறுவினார். பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் என்பதே அக்காலத்தில் அவருக்கிருந்த புகழ். 1914இல் முன்னாள் பிரெஞ்சுப் பிரதமர் ஒருவரின் மனைவியால் சுட்டுக் கொல்லப்பட்ட ஃபிகாரோ நாளிதழின் ஆசிரியர் காஸ்தோன் கல்மெத் இவரது அண்ணன் ஆவார்.

1895இல் வடபிரான்ஸின் லீல் நகரில் புதிதாக அமைந்த பாஸ்டர் நிறுவனத்தின் பொறுப்பு அவரிடம் அளிக்கப்பட்டது. நூற்பாலைகள் நிறைந்த அந்நகரில் தொழிலாளர் குடும்பங்களைக் காசநோய் அழித்து வந்தது. ஜெர்மானியரான ராபர்ட் காஹ் 1882இலேயே நோய்க்கிருமியைக் கண்டறிந்து அறிவித்திருந்தார். ஆயினும் அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பும் இல்லை. ஏழைக் காசநோயாளிகளுக்காக 1901இல் கல்மெத் லீலில் ஒரு மருத்துவ நிலையத்தைத் திறந்தார்.

தடுப்பூசிக்கான வழி ஏறத்தாழ தற்செயலாகவே திறந்தது. காசநோய்க் கிருமிகளின் மேற்புறம் மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. அதனால் ஆய்வகத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இதைத் தவிர்க்க, கிளிசரின் தடவிய உருளைக்கிழங்குத் துண்டுகளில் கிருமிகளை வளர்த்த கல்மெத்தும் கெரானும் அத்துடன் மாட்டுப் பித்தநீரையும் சேர்த்தனர். அப்போது கிருமிகளின் தோற்றம் மாறியதுடன் அவற்றின் வீரியமும் குறைந்து வந்ததை அவர்கள் கவனித்தனர்.

பசுவின் மடியிலிருந்து எடுக்கப்பட்ட மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கொண்டு 1908இல் அவர்கள் பணியைத் தொடங்கினர். சுமார் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை கிருமியைப் புதிய உருளைக்கிழங்குக்கு மாற்ற வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் லீலைக் கைப்பற்றி, உணவுக்கே பஞ்சம் நிலவிய நான்கு ஆண்டுகளிலும் இந்த வேலை நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றப்பட்ட பின், அக்கிருமி கினிப்பன்றிகளுக்கோ மாடுகளுக்கோ நோயை உண்டாக்கவில்லை.

1921இல் பாரிஸில் முதன்முறையாக ஒரு சிசுவுக்கு இது வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. அச்சிசுவின் தாய் பிரசவத்தை அடுத்து காசநோயால் இறந்துவிட்டார். வளர்க்கவிருந்த பாட்டிக்கும் அதே நோய். குழந்தை பிழைத்தது. 1928க்குள் பிரான்ஸில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இதைப் பெற்றிருந்தனர்.

ஆனால் கிருமி மீண்டும் வீரியம் பெறாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஒருவர், பிசிஜியிலிருந்து வீரியமுள்ள கிருமியைப் பிரித்தெடுத்ததாகவே அறிவித்தார். விலங்குகளில் கண்ட முடிவுகளைத் தவிர கல்மெத்திடம் வேறு பதில் இருக்கவில்லை. ஏனெனில் கிருமி எதை இழந்தது என்பது அவருக்கே தெரியாது. மரபணு என்பது எதனால் ஆனது என்றுகூட அறியப்படாத காலம் அது.

இந்நிலையில்தான் 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் அந்தப் பேரழிவு நிகழ்ந்தது. தடுப்பு மருந்து கொடுக்கப்பட்ட சுமார் 250 சிசுக்களில் 70க்கும் மேற்பட்டோர் காசநோயால் இறந்தனர். பழி முழுவதும் பிசிஜி மீதும் கல்மெத் மீதும் விழுந்தது. பாரிஸிலிருந்து வந்த கிருமியில் தவறில்லை என்பதும், மருந்து தயாரிக்கப்பட்ட உள்ளூர் ஆய்வகத்தில் வீரியமிக்க மற்றொரு காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது என்பதும் விசாரணையில் தெரியவந்தது. 1932இல் ஜெர்மானிய மருத்துவர்கள் இருவர் தண்டிக்கப்பட்டனர். கல்மெத் குற்றமற்றவர் என்பது நிரூபணமானது. எனினும் அந்தத் துயரிலிருந்து அவர் முழுமையாக மீளவில்லை என்றே அவரை அறிந்தவர்கள் கருதினர். 1933 அக்டோபர் 29ஆம் தேதி அவர் பாரிஸில் காலமானார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிசிஜி உலகெங்கும் பரவியது. சென்னை கிண்டியில் 1948இல் இதற்கான ஆய்வுக்கூடம் அமைந்தது. சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல்வர் ராஜாஜி 1955இல் இத்தடுப்பூசியை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது பலருக்கு நினைவிருக்கலாம். பின்னர் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. ராஜாஜியின் அச்சம் பாதுகாப்பு பற்றியது. செங்கல்பட்டு எழுப்பியதோ பயன் பற்றிய கேள்வி. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதில் பிசிஜியின் பயன் இன்றளவும் ஏற்கப்படுகிறது.

கல்மெத்திடம் இல்லாத பதில் 1990களில்தான் கிடைத்தது. பிசிஜியின் மரபணுத் தொகுப்பை நோய்தரும் கிருமியுடன் ஒப்பிட்டபோது, ஆர்டி-1 எனப்படும் ஒரு பகுதி அதில் அடியோடு இல்லாதது தெரிந்தது. நமது உடலின் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கின்றன. வீரியமுள்ள கிருமி, ஆர்டி-1 பகுதியின் துணையால் சில புரதங்களை வெளியேற்றி அப்பையின் சுவரைச் சிதைக்கிறது. வெள்ளணு மடிய, கிருமி அடுத்த அணுக்களுக்குப் பரவுகிறது. பிசிஜியிடம் அந்த ஆயுதம் இல்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் அப்பகுதியை பிசிஜிக்குள் மீண்டும் செலுத்தியபோது அதன் வீரியம் கூடியது. ஆயினும் பழைய அளவை எட்டவில்லை. எனவே உருளைக்கிழங்குத் துண்டுகளின் மேல் அக்கிருமி வேறு சிலவற்றையும் இழந்திருக்க வேண்டும்.

பல நாடுகளுக்கு அனுப்பப்பட்ட பிசிஜி வகைகள் பின்னர் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டுப் போயின. 1921ஆம் ஆண்டின் மூலக்கிருமி இன்று எங்கும் இல்லை. ஆனால் ஆர்டி-1 அவை எல்லாவற்றிலும் இல்லை. அதாவது, முதல் குழந்தைக்கு மருந்து கொடுக்கப்படுவதற்கு முன்பே, 1908க்கும் 1921க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நாளில் அது கழன்று விழுந்திருக்கிறது.